பிளாஸ்டிக் கலவை: எது எதோடு சேரும், எது சேராது, சேராததைச் சேர்க்க என்ன வழி

திருநெல்வேலி வட்டாரத்தில் பழைய பிளாஸ்டிக் பல வழியாக வந்து சேர்கிறது. ஆக்கர் கடைகளில் குவியும் உடைந்த நாற்காலி, வாளி, குடம்; களக்காடு, அம்பாசமுத்திரம் பக்கத்து வாழைத் தோட்டங்களில் கழற்றிப் போட்ட சொட்டுநீர்க் குழாய்; உரச் சாக்கு, அரிசிச் சாக்கு; உவரி, இடிந்தகரை கடற்கரையில் கிழிந்து ஒதுக்கிய வலையும் கயிறும். எல்லாவற்றையும் அரைத்து உருக்கித் தானா (பிளாஸ்டிக் குருணை) போடுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உறைந்து கிடக்கிறது: உருகினால் எல்லாம் ஒன்றாகிவிடும். ஆகாது. உருக்கி இழையாகப் பிதுக்கும் எக்ஸ்ட்ரூடர் எந்திரத்தை விட்டு இழை வெளியே வரும்போது ஒன்றாகத் தெரிவது, ஆறி உறையும்போது உள்ளுக்குள் பிரிந்தேதான் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிரிவு, நாற்காலிக் கால் முறியும்போதுதான் வெளியே வரும்.

கலப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும், கலந்தே தீர வேண்டுமானால் எதைச் சேர்க்க வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம். சிறிய ரீபிராசஸ் கூடமும் இன்ஜெக்ஷன் மோல்டிங் கூடமும் நடத்துகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. கணக்கு கொஞ்சம் வரும். தாண்டிவிட வேண்டாம், அதில்தான் பல தலைவலிகளுக்குக் காரணம் இருக்கிறது.

ஏன் சேர மறுக்கிறது

ஆல்கஹாலும் தண்ணீரும் எந்த விகிதத்திலும் கலக்கின்றன. மூலக்கூறுகள் சிறியவை, கலைந்து பரவுவதால் கிடைக்கும் ஆதாயம் அதிகம். பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு மூலக்கூறும் ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த சங்கிலி. கண்ணிகள் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடப்பதால், கலைந்து பரவும் ஆதாயம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. எனவே இரண்டு வகைக் கண்ணிகளுக்கு இடையே துளி ஒவ்வாமை இருந்தாலும் போதும், பிரிந்துவிடும்.

இதை 1940களின் தொடக்கத்தில் பால் ஃப்ளோரியும் மாரிஸ் ஹக்கின்ஸும் தனித்தனியே கணக்காக்கினார்கள். ஒவ்வாமையை ஓர் எண்ணாகச் சொல்லலாம். இரண்டு சங்கிலிகளிலும் தலா N கண்ணிகள் இருந்தால், அந்த ஒவ்வாமை எண் 2/N ஐத் தாண்டாதவரை எந்த விகிதத்திலும் கலக்கும். தாண்டினால் பிரிய ஆரம்பிக்கும். 1000 கண்ணிச் சங்கிலிக்கு இந்த எல்லை 0.002. சிறு மூலக்கூறுகளுக்கோ எல்லை 2. ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

ஒவ்வாமை எண்ணைத் தோராயமாக மதிப்பிட, கரைதிறன் அளவெண்ணைப் பயன்படுத்துவார்கள். மெகாபாஸ்கலின் வர்க்கமூல அலகில் பாலிஎத்திலீனுக்கும் பாலிபுரோப்பிலீனுக்கும் சுமார் 16 முதல் 17, பாலிஸ்டைரீனுக்கு 18.5 ஒட்டி, பிவிசிக்கு 19.5 ஒட்டி, பெட்டுக்கு (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) 21க்கு மேல், நைலானுக்கு 25 பக்கம். இரண்டு எண்களின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, கண்ணியின் மோலார் கன அளவால் பெருக்கி, வாயு மாறிலியும் கெல்வின் வெப்பநிலையும் சேர்ந்த பெருக்கலால் வகுக்க வேண்டும். கன அளவு 100 கன செ.மீ., வெப்பம் 25 டிகிரி, வித்தியாசம் 1 என்று வைத்தால் விடை 0.04. எல்லை 0.002 தானே, இருபது மடங்கு அதிகம். எல்லைக்குள் நிற்க வித்தியாசம் 0.22ஐத் தாண்டக் கூடாது. சந்தையில் உள்ள பிளாஸ்டிக்குகளில் இவ்வளவு நெருங்கிய ஜோடி அரிது.

இந்தக் கணக்கை ஒரு திசையில் மட்டும் நம்புங்கள். எண்கள் தூரமாக இருந்தால் சேராது என்று அடித்துச் சொல்லலாம். நெருக்கமாக இருந்தால் சேரும் என்று சொல்ல முடியாது. எச்டியும் (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்) பிபியும் (பாலிபுரோப்பிலீன்) எண்ணில் பக்கத்து வீடு. ஆனாலும் உருகிய நிலையிலேயே பிரிகின்றன. இன்னொன்று: சூட்டைக் கூட்டினால் கலந்துவிடும் என்பதும் எல்லா ஜோடிக்கும் பொருந்தாது. ஒன்றையொன்று ஈர்த்துச் சேர்ந்த பல ஜோடிகள் சூடு ஏறும்போதுதான் பிரிகின்றன.

உண்மையிலேயே சேரும் சில ஜோடிகள்

பட்டியல் சின்னது. பாலிஸ்டைரீனும் பிபிஓ எனப்படும் பாலிஃபினைலீன் ஆக்சைடும் எந்த விகிதத்திலும் கரைந்து ஒன்றாகும். 1960களில் நோரில் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது இந்தச் சேர்க்கைதான். பிவிசியோடு அக்ரிலிக் சேரும், நைட்ரைல் ரப்பரில் பொருத்தமான ரகமும் சேரும். பிவிடிஎஃப் என்ற ஃப்ளோரின் பிளாஸ்டிக், அக்ரிலிக்கோடு சேரும். இங்கெல்லாம் வேலை செய்வது இரண்டுக்கும் இடையிலான தனி ஈர்ப்பு.

உண்மையில் சேர்ந்ததா என்பதற்கு அடையாளம் ஒரே கண்ணாடி நிலை வெப்பநிலை, அதாவது விறைத்துக் கிடப்பது இளகத் தொடங்கும் சூடு. பிபிஓவுக்கு சுமார் 212 டிகிரி, பாலிஸ்டைரீனுக்கு 100. பாதிக்குப் பாதி கலந்தால் ஃபாக்ஸ் வாய்ப்பாட்டின்படி, கெல்வினில் தலைகீழ் எடுத்துக் கூட்ட, 149 டிகிரிக்குப் பக்கத்தில் ஒற்றை எண் வரும். இரண்டு எண் தனித்தனியே தெரிந்தால் சேரவில்லை.

பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ்ஸும் (இரண்டும் கடினப் பிளாஸ்டிக்குகள்) கலந்த பாகங்கள் எங்கும் கிடைக்கின்றன. அதிலும் இரண்டு எண்தான் தெரியும். கரையவில்லை, ஆனால் எல்லைக்கோட்டில் நன்றாக ஒட்டுகிறது. ஏபிஎஸ் கூட உள்ளே ரப்பர் துகள் பொதிந்த இரட்டை அமைப்புதான். ஆக, நம் வேலை பெரும்பாலும் கரைய வைப்பது கிடையாது. ஒன்றுக்குள் மற்றதை ஒரு மைக்ரான் அளவுத் துளியாக நுணுக்கி, அந்தத் துளி சுற்றியுள்ளதோடு விடாமல் ஒட்டிக்கொள்ளும்படி செய்வது. இந்த இரண்டில் எது தவறினாலும் சரக்கு உடையும்.

முதல் படி: கையில் இருப்பது என்ன என்று கண்டுபிடிப்பது

"எல்லாம் ஒரே பிபிதான் அண்ணாச்சி" என்று சொல்லித்தான் சரக்கு வரும். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வாங்கிக் கொடுத்தவர் அப்படிச் சொல்லியிருப்பார். ஒவ்வொரு லாட்டிலும் நான்கைந்து இடத்தில் கையை விட்டு இருபது முப்பது துண்டு எடுத்துச் சோதியுங்கள். மேல் மூட்டையிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.

அச்சில் முக்கோணத்துக்குள் எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது: 1 பெட், 2 எச்டி, 3 பிவிசி, 4 எல்டி (அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன்), 5 பிபி, 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை. ஆனால் பாட்டிலில் எண் 1 என்றால் மூடியும் அதே என்று அர்த்தமில்லை. மூடி பிபி அல்லது எச்டி. சுருக்கு லேபிள் பிவிசியாக இருக்கலாம்.

அடுத்து தண்ணீர்ச் சோதனை. ஒரு வாளித் தண்ணீரில் ஷாம்பு இரண்டு சொட்டு விடுங்கள். இல்லாவிட்டால் காற்றுக்குமிழ் ஒட்டி மூழ்க வேண்டியதும் மிதக்கும். துண்டுகளை நகத்தளவு வெட்டிப் போட்டுக் கிளறுங்கள். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் பிபி 0.90 முதல் 0.91, எல்டி 0.91 முதல் 0.93, எச்டி 0.94 முதல் 0.965. இவை மிதக்கும். பாலிஸ்டைரீன், ஏபிஎஸ் 1.05 ஒட்டி, நைலான் 1.14, பாலிகார்பனேட் 1.20, பெட் 1.34 முதல் 1.39, கடின பிவிசி 1.3 முதல் 1.45. இவை மூழ்கும்.

மூழ்கியதை உப்புத் தண்ணீரில் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 160 கிராம் உப்பு கரைத்தால் அடர்த்தி சுமார் 1.10. பாலிஸ்டைரீனும் ஏபிஎஸ்ஸும் மேலே வரும். நைலான், பெட், பிவிசி கீழேயே கிடக்கும். தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பு போதும், ஈரம் இருக்குமாதலால் பத்து கிராம் கூட்டிப் போடலாம்.

மிதந்ததில் பிபியையும் எச்டியையும் பிரிக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். எடையில் 45 பங்கு ஆல்கஹால், 55 பங்கு தண்ணீர் என்று ஆரம்பியுங்கள். நெல்லை வெயிலில் திரவத்தின் அடர்த்தி இறங்கும் என்பதால் எண்ணை நம்பி நிற்க வேண்டாம். வர்ஜின் (மறுசுழற்சி செய்யாத புதிய) பிபி தானா ஒன்றும் வர்ஜின் எச்டி தானா ஒன்றும் உள்ளே போடுங்கள். இரண்டும் மிதந்தால் ஆல்கஹால் சேருங்கள், இரண்டும் மூழ்கினால் தண்ணீர் சேருங்கள். பிபி மேலேயும் எச்டி கீழேயும் நிற்கும் இடம் கிடைத்ததும் உங்கள் துண்டுகளைப் போடலாம். எல்டி இரண்டுக்கும் நடுவே தடுமாறும். அதை மென்மையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆல்கஹால் இருக்கும் மேசையில் தீச்சோதனை கூடாது.

இங்கே ஒரு பொறி. நாற்காலி பிபியில் சுண்ணாம்புத்தூளோ டால்க்கோ கலந்திருப்பார்கள். 20 சதவீத டால்க் இருந்தாலே அடர்த்தி 1.04ஐ எட்டி, பிபி தண்ணீரில் மூழ்கிவிடும். மூழ்கியதெல்லாம் பிபி இல்லை என்று ஒதுக்கினால் நல்ல சரக்கு போய்விடும். அங்கே தீச்சோதனைதான் தீர்ப்பு.

தீச்சோதனையை வெளியே, காற்றோட்டத்தில், இடுக்கியில் பிடித்துச் செய்யுங்கள். பாலிஎத்திலீன் அடிநீல, நுனிமஞ்சள் சுடரோடு மெழுகுவத்தி மணத்தில் எரிந்து சொட்டும். பிபியும் அப்படியே, மணம் சற்றுக் காரம். பாலிஸ்டைரீன் கரும்புகை நூலாகப் பறக்க, தித்திப்பான வாடை அடிக்கும். நைலான் முடி கருகும் வாடை. பிவிசி சுடரை எடுத்ததும் அணைந்துவிடும், மூக்கைத் துளைக்கும். பிவிசி சந்தேகம் இருந்தால் செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, துண்டைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். பச்சைச் சுடர் வந்தால் குளோரின் இருக்கிறது. புகையை முகர்ந்து பார்க்க வேண்டாம்.

முக்கூடல், பத்தமடை பக்கம் சந்தைகளில் கோரைப்பாய்க்குப் போட்டியாக விற்கும் பிளாஸ்டிக் பாய் பிபிதான். பணகுடி, முப்பந்தல் பக்கம் கழற்றும் காற்றாலை இறகுகள் கண்ணாடியிழையும் தெர்மோசெட் பிசினும். அவை உருகவே உருகாது, இந்த வழிகாட்டியில் அவற்றுக்கு இடமில்லை.

இரண்டாம் படி: எதை உடனே வெளியே எடுக்க வேண்டும்

பிவிசியை முதலில். 180 டிகிரியைத் தாண்டிக் கொஞ்ச நேரம் நின்றாலே ஹைட்ரஜன் குளோரைடை விட ஆரம்பிக்கும். பாலிஎத்திலீன் லாட்டில் ஒரு துண்டு பிவிசிக் குழாய் விழுந்தால் கரும்புள்ளி, காட்டமான வாடை, கடைசியில் எக்ஸ்ட்ரூடரின் ஸ்க்ரூவும் அது சுழலும் பேரலும் அரிப்பெடுத்துப் போகும். வாழைத் தோட்டத்துச் சரக்கில் கருப்பு எல்எல்டி (எல்டி போன்ற இன்னொரு பாலிஎத்திலீன்) சொட்டுக் குழாயோடு பிவிசி முக்கியக் குழாய்த் துண்டு வருவது சர்வசாதாரணம். பெட்டில் பிவிசி இன்னும் மோசம்: வெளிவரும் அமிலம் பெட் சங்கிலியையே வெட்டி மஞ்சளாக்கும், மிகச் சிறிய அளவே போதும்.

அசெட்டால் எனும் பிஓஎம்மை, அதாவது பல்சக்கரம், ஜிப் போன்ற வெள்ளைக் கடினத் துண்டுகளை, பிவிசியோடு ஒருபோதும் பேரலுக்குள் சந்திக்க விடாதீர்கள். பிவிசி விடும் அமிலம் அசெட்டாலை வேகமாகச் சிதைத்து ஃபார்மால்டிஹைடு வாயுவை எழுப்பும். பேரலுக்குள் அழுத்தம் ஏறி உருகிய பிளாஸ்டிக் வாய் வழியே பீறிட்டு அடிக்கும். ஆள் காயப்படும் விஷயம் இது.

மக்கும் பை என்று வரும் உறைகளும் வெளியே. எல்டி போலத் தோன்றினாலும் பிஎல்ஏ, பிபிஏடி ரகங்கள் 1.24, 1.25 அடர்த்தி, தண்ணீரில் மூழ்கிவிடும். எல்டியோடு ஓட்டினால் படலம் கோடு விழுந்து கிழியும்.

மூன்றாம் படி: ஓட்டத்தைப் பொருத்துவது

பலர் விட்டுவிடும் படி இது. உருகியது எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்லும் எண் எம்எஃப்ஐ; எண் கூடினால் ஓட்டம் அதிகம். ஒரே எச்டியிலேயே ஊதி வார்த்த கேனின் எம்எஃப்ஐ 0.3 பக்கம் இருக்கும், இன்ஜெக்ஷன் கிரேட்டின் எம்எஃப்ஐ 8 முதல் 20. பெயர் ஒன்று, வேதியியல் ஒன்று, ஆனால் உருகிய நிலையில் ஒன்று களி, மற்றொன்று கஞ்சி. ஸ்க்ரூ எவ்வளவு உருட்டினாலும் கெட்டியானது கட்டியாகவே போய், படலத்தில் மணல்போல் நிற்கும்.

கலவையின் எம்எஃப்ஐயைச் சராசரி போட்டுக் கணிக்காதீர்கள். லாகரிதம் எடுத்துத்தான் கூட்ட வேண்டும். எம்எஃப்ஐ 0.4 உள்ளது 70 சதவீதம், 12 உள்ளது 30 சதவீதம் என்றால்: 0.7 பெருக்கல் லாக் 0.4 கூட்டல் 0.3 பெருக்கல் லாக் 12, விடை 0.045; எதிர்லாக் எடுத்தால் 1.1. சாதாரணச் சராசரி 3.9 என்று சொல்லி ஏமாற்றும். 3.9 என்று நம்பி அச்சில் ஏற்றினால் பாகம் நிரம்பாமல் நிற்கும். இது ஒரே இனத்துக்கான கணக்கு. எச்டியை 190 டிகிரியிலும் பிபியை 230 டிகிரியிலும், இரண்டையும் 2.16 கிலோ எடையில், அளப்பதால் இரண்டு எண்ணையும் நேராக ஒப்பிட முடியாது.

வேறு இனங்களைக் கலக்கும்போது ஓட்டம் இன்னும் முக்கியம். சிறுபான்மைப் பிளாஸ்டிக் பெரும்பான்மையைவிடக் கொஞ்சம் நீர்த்தோ ஏறத்தாழச் சமமாகவோ இருந்தால் துளி நன்றாக உடையும். நான்கு மடங்கு கெட்டியாகிவிட்டால் சாதாரண உருட்டலில் துளி உடையாமல் சுழலும். நாற்காலி பிபிக்குள் கேன் எச்டி போட்டால் வெள்ளைத் திட்டுத் திட்டாகத் தெரிவது இதனால்தான். அதே எச்டி, இன்ஜெக்ஷன் வாளியிலிருந்து வந்ததாக இருந்தால் தெரியாமல் பரவியிருக்கும்.

பாதிக்குப் பாதியைத் தவிர்த்துவிடுங்கள். அந்த விகிதத்தில் எது கடலாகவும் எது தீவாகவும் நிற்கும் என்பதை ஓட்டம் தீர்மானிக்கும். நீர்த்தது கடலாக முயலும். காலையில் ஒரு குணம், சூடு மாறிய மதியத்தில் வேறொரு குணம் என்று சரக்கு வரும். 85க்கு 15, 90க்கு 10 என்று சாய்த்து வைத்தால் நடத்தை நிலைக்கும்.

பழைய சரக்கில் இன்னொரு நுணுக்கம். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் பிபியின் சங்கிலி அறுபட்டு எம்எஃப்ஐ ஏறும். பாலிஎத்திலீன் பின்னிக்கொண்டு எம்எஃப்ஐ இறங்கும். முதல் சுற்றில் பொருந்திய ஜோடி மூன்றாம் சுற்றில் விலகிப் போயிருக்கும். ஃபீனால், ஃபாஸ்ஃபைட் ரக ஆன்டிஆக்சிடன்ட் 0.1 முதல் 0.2 சதவீதம் சேர்ப்பது இந்த விலகலைத் தாமதப்படுத்தும்.

நான்காம் படி: ஏணிச் சோதனை

முழு லாட்டையும் கலக்கும் முன் சிறிய அளவில் ஓட்டுங்கள். உதாரணத்துக்கு நாற்காலி பிபியில் எச்டி எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும். 0, 5, 10, 20, 30 சதவீதம் எச்டி என ஐந்து கலவை, தலா 3 கிலோ. 0 சதவீதத்தையும் அதே எக்ஸ்ட்ரூடரில் அதே சூட்டில் ஓட்ட வேண்டும். ஓட்டாத பிபியோடு ஒப்பிட்டால், சூட்டால் வந்த பலவீனத்தையும் எச்டியின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

சூடு: பின்பகுதி 175, நடு 190, முன்பகுதி 205, டை (உருகல் வெளிவரும் வாய்) 205 டிகிரி. மெஷ் (வடிகட்டும் கம்பி வலை) 40, 80 இரண்டும் சேர்த்து. ஒவ்வொரு கலவைக்கும் மோட்டார் ஆம்பியரையும் உருகல் அழுத்தத்தையும் எழுதுங்கள். தானாவிலிருந்து 2 மி.மீ. தடிமன், 20 மி.மீ. அகலம், 150 மி.மீ. நீளப் பட்டைகள் வார்த்து 24 மணி நேரம் அப்படியே வையுங்கள். பிபி அச்சை விட்டு வந்த பின்னும் உறைந்துகொண்டே இருக்கும். சூட்டோடு சோதித்த பட்டை எப்போதும் நல்ல பெயர் வாங்கும்.

பிறகு மூன்று சோதனை. பட்டையை 180 டிகிரி மடக்குங்கள்: மடிப்பு வெளுப்பது பரவாயில்லை, வெடிப்பு கூடாது. பிளேடால் ஓரத்தில் கீறி நகத்தால் நெம்புங்கள். வெங்காயத் தோல்போல் அடுக்கு உரிந்தால் அந்த விகிதம் தோல்வி, மேற்கொண்டு சோதிக்க வேண்டாம். மூன்றாவது, 1 கிலோ குண்டைக் குழாய் வழியே விட்டு, உயரத்தைப் பத்துப் பத்து செ.மீ. ஆகக் கூட்டிக்கொண்டே போய், பத்துப் பட்டையில் ஐந்து உடையும் உயரத்தைக் குறியுங்கள். ஐஸ் தண்ணீரில் அரைமணி நேரம் வைத்த பட்டையிலும் இதைச் செய்யுங்கள். பிபியின் கண்ணாடி நிலை பூச்சியம் டிகிரியை ஒட்டி இருக்கிறது. பாளையங்கோட்டையில் தாங்குகிற வாளி ஊட்டியில் தாங்காது.

பட்டையில் தேறியது அச்சில் தேறும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உருகல் இரண்டாகப் பிரிந்து மறுபடி சந்திக்கும் இடத்தில், அதாவது வெல்டு கோட்டில், சிறுபான்மைத் துளிகள் தகடாக நசுங்கிக் கிடக்கும். நாற்காலியில் கால் இருக்கையோடு சேரும் இடத்துக்கு அருகே, சாய்வுப் பலகையின் ஓட்டைகளைச் சுற்றி எல்லாம் இப்படிக் கோடு விழும். முறிந்த முகத்தை லென்ஸில் பாருங்கள்: சொரசொரப்பாக, நார் இழுபட்டதுபோல் இருந்தால் ஒட்டியிருந்தது. வழவழப்பாக, சின்னக் குழிகள் குழிந்து, குண்டுகள் கழன்று வந்ததுபோல் இருந்தால் ஒட்டவே இல்லை.

சாதாரண ஹோமோபாலிமர் (புரோப்பிலீன் மட்டும் உள்ள) பிபியில் எச்டி 5 சதவீதத்தைத் தாண்டவிடாமல் நிறுத்துவது பாதுகாப்பு. இம்பாக்ட் கோபாலிமர் பிபியில் எத்திலீன் புரோப்பிலீன் ரப்பர் ஏற்கெனவே இருப்பதால் அது எச்டியை ஓரளவு சுமக்கும்; 10 சதவீதம் வரை ஏணியில் ஏறிப் பார்க்கலாம்.

பெரிய ஆர்டருக்கு முன் டிஎஸ்சி பரிசோதனை (சூடேற்றி, எங்கே உருகுகிறது என்று அளப்பது) எடுத்துவிடுவது நல்லது. மதுரையில் உள்ள சிபெட் (மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்) மையத்தில் விசாரிக்கலாம். 5 முதல் 10 மில்லிகிராம் மாதிரி போதும். பிபியின் உருகுமுகடு 162 டிகிரி பக்கம், எச்டியின் முகடு 130 பக்கம். பிபி என்று வாங்கிய லாட்டில் 120க்கும் 130க்கும் நடுவே முகடு தெரிந்தால் பாலிஎத்திலீன் கலந்திருக்கிறது. முகட்டின் பரப்பிலிருந்து எவ்வளவு என்றும் தோராயமாகச் சொல்வார்கள். ஆனால் உறையும்போது படிகமாகும் பிளாஸ்டிக்குகளில் இரட்டை முகடு மட்டும் சேராமைக்குச் சான்றாகாது. எல்டியும் எல்எல்டியும் உருகிய நிலையில் நன்றாகவே பழகுகின்றன, படலம் ஊதுகிறவர்கள் தினமும் கலக்கிறார்கள். உறையும்போது மட்டும் தனித்தனி முகடு காட்டும்.

ஐந்தாம் படி: ஒட்டவைப்பான்

ஏணியில் தோற்ற விகிதத்தைத்தான் ஓட்டியாக வேண்டும் என்றால் இணக்கி வேண்டும். ஒரு பக்கம் இந்தப் பிளாஸ்டிக்கோடும் மறுபக்கம் அந்தப் பிளாஸ்டிக்கோடும் பழகுகிற சங்கிலி. எல்லைக்கோட்டில் போய் உட்கார்ந்து தைத்துவிடும். துளிகள் மறுபடி ஒன்றுசேர்ந்து பெரிதாவதையும் தடுக்கும்.

பிபியும் பாலிஎத்திலீனும் என்றால் எத்திலீன் ஆக்டீன் எலாஸ்டோமர் 5 முதல் 10 சதவீதம். உரச் சாக்கும் உள்ளே இருக்கும் எல்டி உறையும் பிரிக்க முடியாமல் வரும் லாட்டுக்கு இது பொருந்தும். விறைப்பு குறையும் என்பதைக் கணக்கில் வையுங்கள். வாளிக்கு நல்லது, நாற்காலிக்கு அவ்வளவு நல்லதில்லை. பாலிஸ்டைரீனும் பாலிஎத்திலீனும் என்றால் எஸ்இபிஎஸ் எனும் ரப்பர் ரகம். நைலானோடு பாலிஎத்திலீன் அல்லது பிபி என்றால் மெலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிஎத்திலீன் அல்லது பிபி, 3 முதல் 5 சதவீதம். அன்ஹைட்ரைடு நைலான் சங்கிலி நுனியின் அமீனோடு பேரலுக்குள்ளேயே வினைபுரிந்து நிரந்தரமாகக் கட்டிக்கொள்ளும். பெட் என்றால் கிளிசிடைல் மெதக்ரைலேட் ரகம். பிபிக்கும் எச்டிக்கும் 1 சதவீதமே போதும் என்கிற பல்கட்டைச் சங்கிலி ஒன்றை 2017ல் கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் ஊர் கூடங்களுக்கு இப்போதைக்கு எலாஸ்டோமர்தான் நடைமுறை.

இணக்கியைக் கூட்டிக்கொண்டே போனால் தரமும் ஏறிக்கொண்டே போகும் என்பதில்லை. எல்லைக்கோடு நிரம்பியபின் மிச்சம் கடலில் மிதந்து விறைப்பைக் குறைக்கும், காசும் வீண். 2, 4, 6 சதவீதம் என்று ஓர் ஏணி இதற்கும் போடுங்கள்.

கடையில் விற்கும் கருப்பு மாஸ்டர்பேட்ச் (நிறம் ஏற்றுவதற்கான செறிந்த தானா) பெரும்பாலும் பாலிஎத்திலீனில் செய்தது. பிபிக்கு 2 சதவீதம் போட்டால் பிரச்சினை இல்லை. நைலானில் போட்டால் மேல்தோல் உரியும். நிறத்தில் ஒளிந்து வரும் கலப்படம் இது.

கடற்கரைச் சரக்கு: ஒரு லாட் முழுவதும்

உவரி பக்கத்திலிருந்து 100 கிலோ வலை மூட்டை வந்தால் அதில் நைலான் வலைக்கண்ணியும் எச்டி அல்லது பிபி கயிறும் பின்னிக் கிடக்கும். ஈயக்குண்டு, மிதவைக் கட்டை, தூண்டில் கொக்கி எல்லாவற்றையும் கையால் பார்த்து எடுங்கள். ஒரு குண்டு தப்பினால் கிரைண்டர் பிளேடு போச்சு. வலையை விரல்நீளத்துக்கு வெட்டி நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். முதல் அலசலில் உப்பும் மணலும், இரண்டாவதில் மிச்ச உப்பு. உப்புத் தங்கினால் பேரல் துருப்பிடிக்கும். கழுவின தண்ணீரை வாய்க்காலில் விடாமல், தொட்டியில் தெளியவிட்டு மறுபடி பயன்படுத்துங்கள்.

அடுத்து மிதவைத் தொட்டி. கயிறு மேலே, நைலான் கீழே. இங்கே பிரித்துவிட்டால் இரண்டு சுத்தமான சரக்கு கையில். கலக்க வேண்டிய அவசியமே இல்லை, விலையும் அதற்குத்தான் அதிகம். முடிச்சுக்குள் மாட்டிக்கொண்டு பிரியாத பகுதிக்கு மட்டும் கலவை வழி.

அந்தப் பகுதியை நைலான் 75, எச்டி 20, மெலியிக் ஒட்டிய பாலிஎத்திலீன் 5 என்று ஏறத்தாழ நிறுத்துங்கள். தேவைப்பட்டால் சுத்த நைலானைச் சேர்த்து விகிதத்தைச் சரிசெய்யுங்கள். நைலானை 80 டிகிரியில் 6 மணி நேரம் உலர்த்துவது கட்டாயம், ஈரம் 0.2 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலில் காயப்போட்டால் போதும் என்று விட்டால், இழை நுரைத்து வெளியே வரும், சங்கிலியும் வெட்டுப்படும். பேரல் சூடு 225ல் ஆரம்பித்து 240, டை 235. எச்டி இந்தச் சூட்டைச் சிறிது நேரம் தாங்கும், ஆனால் மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். காற்றுப்போக்கி வாய் திறந்திருக்க வேண்டும்.

இரட்டை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடர் இருந்தால் இந்த வேலைக்கு அதுதான். ஒற்றை ஸ்க்ரூ பரப்பும், ஆனால் துளியை நுணுக்கும் வலு குறைவு. அதுதான் இருக்கிறது என்றால் கலவைப் பகுதி உள்ள ஸ்க்ரூ போட்டு, வேகத்தைக் குறைத்து, மெஷ்ஷை நெருக்கி, ஒரு முறை தானா போட்டதை மறுபடி ஒரு முறை ஓட்டுங்கள். அதற்குமேல் ஓட்டினால் நுணுக்கத்தைவிடச் சிதைவு அதிகம்.

தலைகீழாகச் செய்து, எச்டியில் கொஞ்சம் நைலான் கிடந்தால் பரவாயில்லை என்று 200 டிகிரியில் ஓட்டுவது அடிக்கடி நடக்கிறது. நைலான் 6 உருகுவது 220ல். உருகாத நார்கள் மெஷ்ஷில் குடுமிபோல் சிக்கி, அழுத்தம் ஏறி, மெஷ் கிழியும்.

கெட்டுப்போனால் எங்கே பார்ப்பது

பாகத்தின் மேல்தோல் உரிகிறது: சேராத இனம், அல்லது மாஸ்டர்பேட்ச் அடிப்படை பொருந்தவில்லை. முதலில் மாஸ்டர்பேட்ச் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள், மலிவான சோதனை. வெள்ளிக்கோடு: ஈரம், உலர்த்தல் நேரத்தைச் சரிபாருங்கள். கரும்புள்ளியும் காட்டமான வாடையும் சேர்ந்து வந்தால் பிவிசி. உடனே சூட்டைக் குறைத்து, வெளியேற்றும் விசிறியைப் போட்டு, சுத்தமான பாலிஎத்திலீனால் பேரலைக் கழுவித் தள்ளுங்கள். சூடான பேரலுக்குள் பிவிசியை நிறுத்தி வைக்காதீர்கள். படலத்தில் மணல்போல் கட்டி: ஓட்ட வித்தியாசம், அல்லது பின்னிப்போன பழைய பாலிஎத்திலீன். கட்டியைத் தனியே எடுத்து 200 டிகிரித் தட்டில் அழுத்துங்கள். பரவினால் கலப்புக் குறைவு, பரவாமல் நின்றால் பின்னியது அல்லது நைலான், பெட் போன்ற வேறு இனம். காலையில் நன்றாக வந்து மாலையில் உடைகிறது என்றால் கலவையைக் குறைசொல்லும் முன் ஹாப்பரைப் பாருங்கள்: லேசான அரைத்துகளும் கனமான தானாவும் அதிர்வில் தனித்தனியே இறங்கி, விகிதமே மாறியிருக்கும். அரைத்துகளை முதலில் தானாவாக்கிவிட்டுக் கலப்பது இதற்கு மருந்து.

ஒவ்வொரு மூட்டையிலும் லாட் எண், கலவை விகிதம், எம்எஃப்ஐ, எத்தனையாவது சுற்று என்பதை எழுதிக் கட்டுங்கள். லாட்டுக்கு அரைக் கிலோ மாதிரி ஆறு மாதம் வைத்திருங்கள். புகார் வந்தால் ஆல்கஹால் தொட்டியில் போட்டுப் பார்க்க அதுதான் கையில் இருக்கும். ஏணியில் எந்தப் படியிலும் தேறாத மிச்சத்தில் பிவிசி இல்லையென்றால், சிமெண்ட் சூளைக்கு எரிபொருளாக அனுப்ப வழியிருக்கிறதா என்று கேளுங்கள். பிவிசி கலந்திருந்தால் குளோரின் காரணமாக அங்கேயும் வேண்டாம் என்பார்கள்.